திருட்டுக் காசில் விழுந்த பரிசு யாருக்கு?

திருடிய காசில் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தால், அது காசைப் பறிகொடுத்தவருக்கே சேர வேண்டும். பாதி இல்லை. சீட்டு விலையை மட்டும் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிப்பதும் இல்லை. முழுப் பரிசும். இதைச் சொன்னாலே "அவர் அந்தச் சீட்டை வாங்கவே இல்லையே, அவருக்கு எப்படி?" என்று கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

2025 பிப்ரவரியில் பிரான்ஸின் துலூஸ் நகரத்திலிருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். காரிலிருந்த பை திருடு போகிறது, அதற்குள் வங்கி அட்டை. அட்டையை முடக்கச் சொல்லி வங்கியை அழைத்தபோதுதான், அதை வைத்து ஒரு கடையில் ஏற்கெனவே 52.50 யூரோ செலவழித்துவிட்டார்கள் என்று அதன் சொந்தக்காரருக்குத் தெரிகிறது. கடையில் போய் விசாரித்தால், வந்தவர்கள் வீடற்ற இருவர். வாங்கிய சுரண்டும் சீட்டில் 5 லட்சம் யூரோ விழுந்திருக்கிறது. சந்தோஷத்தில், கூடவே வாங்கிய சிகரெட்டை எடுக்காமலே போய்விட்டார்களாம். சொந்தக்காரர் புகார் கொடுத்தார். அப்புறம் வக்கீல் மூலமாக, சீட்டோடு வந்தால் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம், புகாரையும் திரும்பப் பெறுகிறேன் என்று ஊரறியச் சொன்னார்.

அவருடைய மனதை மதிக்கிறேன். ஆனால் "பார்த்தீர்களா, பாதிதான் நியாயம், பறிகொடுத்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று பலர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டு இருந்தது அந்த இருவர் கையில். அதைக் காட்டாமல் ஒரு காசு வராது. கைக்கு எட்டாத முழுதை விட எட்டுகிற பாதி மேல் என்று அவர் இறங்கி வந்தார். ஒருவர் வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்ததை வைத்து, எதிரே இருப்பவருக்கு அதில் உரிமை உண்டு என்று சொல்லிவிட முடியாது.

சீட்டைச் சுரண்டுவதற்கு ஒரு நொடி முன்னால் போய் நின்று பாருங்கள். பரிசு இல்லை என்று வந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? திருடியவனுக்குப் பைசா நஷ்டமில்லை, சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு அட்டையை அடுத்த கடையில் நீட்டியிருப்பான். முதலுக்கே மோசம் போயிருக்க வேண்டியவர் சொந்தக்காரர் ஒருவர்தான். லாட்டரிச் சீட்டில் வேறு என்ன இருக்கிறது? காசு போனாலும் போகட்டும் என்று வைக்கிறோம், அதற்கு ஈடாக ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. போகும் காசு ஒருவருடையது, வாய்ப்பு மட்டும் இன்னொருவருடையது என்றால் எந்தக் கணக்கில் சேர்த்தி?

"எந்தச் சீட்டு என்று எடுத்தது திருடன்தானே, அதிர்ஷ்டம் அவனுடையதுதானே?" என்பார்கள். திருடிக்கொண்டு போன மாடு கன்று போட்டால், மாட்டோடு கன்றும் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் வர வேண்டும். திருடன் தினமும் புல் போட்டிருந்தாலும் அப்படித்தான். இங்கே புல் போட்ட உழைப்புகூட இல்லை. அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவியதுதான் மொத்த வேலையும்.

நீதிமன்றங்களும் இந்த வழியில் வெகுதூரம் வந்திருக்கின்றன. திருடிய பணம் திருடன் கையில் இருக்கும்போதும் அது உரியவருக்காக அவன் பொறுப்பில் இருக்கும் பணம்தான் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1910லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. வேலை பார்த்த இடத்தில் திருடியவன் அதை மனைவியின் கணக்கில் போட்டு வைத்திருந்த வழக்கு அது.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது இங்கிலாந்தில் நடந்த ஒன்று. 1986இல் ஒருவர் 10 லட்சம் பவுண்டுக்கு ஆயுள் காப்பீடு எடுக்கிறார். போர்ச்சுகலில் மனை வாங்கித் தருவதற்காகப் பலர் கொடுத்து வைத்த பணத்திலிருந்து எடுத்து, கடைசி இரண்டு பிரீமியத்தைக் கட்டுகிறார், மொத்தம் 20,440 பவுண்டு. 1991இல் தற்கொலை செய்துகொள்கிறார். காப்பீட்டு நிறுவனம் முழுத்தொகையையும் கொடுத்துவிடுகிறது. அது பிள்ளைகளுக்கா, மனைக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கா? கட்டிய பிரீமியத்தை வட்டியோடு கொடுத்தால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டில் அதை மாற்றியது. எந்த விகிதத்தில் அவர்கள் பணம் போனதோ, அந்த விகிதத்தில் மொத்தத் தொகையிலும் அவர்களுக்குப் பங்கு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். அந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யாதவர்கள், அதனால் அந்த இருவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளே பங்கு கொடுக்க வேண்டும் என்றால், திருடியவனே வந்து நின்று கேட்பதற்கு என்ன இருக்கிறது?

விகிதம் என்ற அந்தப் பேச்சு இன்னொரு சிக்கலையும் அவிழ்க்கிறது. சீட்டு விலையில் பாதி திருடியது, பாதி அவனே சம்பாதித்தது என்றால்? அப்போது பரிசில் பாதி அவனுக்கு உண்டு என்பேன். அவன் மேல் கோபம் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். போயிருந்தால் அவன் காசும் போயிருக்கும். திருட்டுக்குத் தண்டனை வேறு, பரிசுக்கு உரிமை வேறு. பத்துப் பேரிடம் அடித்த காசு என்றால் பத்துப் பேருக்கும் பங்கு.

2019இல் பிரிட்டனில் இரண்டு பேர் இன்னொருவரின் வங்கி அட்டையை வைத்து 10 பவுண்டு சீட்டு வாங்கி, 40 லட்சம் பவுண்டு விழுந்ததும் பரிசைக் கேட்டார்கள். நிறுவனம் சந்தேகப்பட்டுக் கொடுக்க மறுத்தது, 2021இல் இருவருக்கும் சிறை. திருடியவர்களுக்குக் கொடுக்காதது சரி. ஆனால் இம்மாதிரி விஷயம் அதோடு நின்றுவிடக் கூடாது. விற்றது நல்ல சீட்டு, விழுந்தது நல்ல பரிசு. உரியவரைத் தேடிக் கொடுக்காமல் நிறுவனமோ அரசாங்கமோ வைத்துக்கொண்டால், காசு வைக்காத இன்னொரு கைக்குத்தான் அது போகிறது.

துலூஸ் இருவரும் வீடில்லாதவர்கள், அவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று உருகுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தெருவில் படுப்பவருக்கு ஒரு கூரை கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? கொடுக்கட்டும், சொந்தக்காரர் தன் பணமாக வாங்கி, தன் கையால் கொடுக்கட்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் பதில் மாறும். திருடு போன தொகையை வங்கி ஈடு செய்து, சீட்டு முடிவு தெரிவதற்கு முன்பே சொந்தக்காரர் அதை வாங்கிக்கொண்டிருந்தால், நஷ்டம் வங்கியின் தலைக்குப் போய்விட்டது. அப்போது அவர் பரிசைக் கேட்கக் கூடாது, வங்கி கேட்கலாம். ஈட்டுத் தொகை பிறகு வந்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசை அவர் வாங்கிக்கொள்ளலாம்.