பேர்ல் ஹார்பரில் அறிகுறியே இல்லையா?
1941 டிசம்பர் 7 காலை ஜப்பானியக் குண்டு விழும்வரை, ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் யாருக்கும் எந்த அறிகுறியும் கிடைக்கவில்லை என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முன்பே, துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்த ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியை 'வார்ட்' என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கடித்துத் தகவலும் அனுப்பியது. மேலிடம் முதலில் உறுதி செய்துகொள்ளலாம் என்று நேரத்தைக் கடத்தியது. (2002இல் அந்த நீர்மூழ்கி கடலடியில் கிடைத்தபோது, கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது.) அப்புறம் 7.02 மணிக்கு ஹவாயிலேயே இருந்த ஓபானா ரேடார் நிலையத்தின் இரண்டு சிப்பாய்கள், வடக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் பெரிய விமானக் கூட்டம் வருவதைத் திரையில் பார்த்துவிட்டு போன் செய்தார்கள். அது கலிபோர்னியாவிலிருந்து வரும் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களாக இருக்கும் என்று நினைத்த அதிகாரி, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தாக்குதல் வருவது தெரிந்தே விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறார். அதற்கும் ஆதாரம் இல்லை. போர் வரும் என்று வாஷிங்டன் எதிர்பார்த்தது உண்மைதான், ஆனால் அடி பிலிப்பைன்ஸ் பக்கம் விழும் என்றே நினைத்தார்கள். நவம்பர் 27 அன்றே ஹவாய்க்கு எச்சரிக்கை போனது. அங்கிருந்த தரைப்படைத் தளபதியோ உள்ளூர் நாசவேலைக்குப் பயந்து, காவல் காக்க வசதியாக விமானங்களை நெருக்கி நெருக்கி நிறுத்தச் சொன்னார். ஜப்பானிய விமானிகளுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?