வாய்ப்புண்ணுக்குக் கொதிநீர் மருந்தல்ல

பல் கம்பியைக் கழற்றிய பிறகு பல் நகராமலிருக்க மாட்டும் பிளாஸ்டிக் அச்சுதான் ரிட்டெய்னர். "ரிட்டெய்னர் போட்டு வாய் எரிந்தால் அதைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதம் கழற்றி வையுங்கள், பல் எங்கும் போகாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் கோணிவிடும். என் மகளுடையதை என் மாமியார் பால் புட்டியைப் போல நினைத்துக் கொதிக்க வைத்துவிட்டார். மறுநாள் கடைவாய்ப் பக்கம் அது உட்காரவே இல்லை; ஓரம் ஈறைக் கீறி, வெள்ளைத் திட்டாகப் புண் வந்தது. புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

மாதக்கணக்கில் கழற்றி வைத்தால், பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும். திரும்ப மாட்டும்போது வலி இன்னும் கூடும்.

முதல் சில நாள் இறுக்கமும் லேசான வலியும் இயல்பு. ஒரே இடத்தில் உரசினால் பல் மருத்துவர் அந்த ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்வார். நீங்களே நகவெட்டியோடு இறங்காதீர்கள். அதுவரை வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். அண்ணம் முழுக்கச் சிவந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பொய்ப்பல்லைச் சுத்தம் செய்யும் மாத்திரை கரைத்த நீரில் ரிட்டெய்னரை ஊறவைத்து, சரியாக அலசாமல் போட்டாலும் எரியும்; அதிலுள்ள பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சூடான தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) குடிக்கும்போது ரிட்டெய்னரைக் கழற்றுங்கள். ஆனால் உணவங்காடியில் டிஷ்யூவில் சுற்றித் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில், குப்பையோடு போன ரிட்டெய்னரைத் தேடிக் கிளறியவர்களில் நானும் ஒருவன்.