நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் தானாக வெடித்தனவா?

ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுசெல்ல பால்டிக் கடலடியில் போடப்பட்டவை நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள். அவை 2022இல் உடைந்ததைப் பற்றி, "நாசவேலையே இல்லை, குழாய்க்குள் உறைந்த ஹைட்ரேட் (வாயுவும் தண்ணீரும் சேர்ந்த, பனிக்கட்டி போன்ற திடப்பொருள்) அடைப்பு அழுத்தத்தில் பாய்ந்து உடைத்துவிட்டது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

ஹைட்ரேட் உருவாக, எரிவாயுவில் பெரும்பங்கான மீத்தேனோடு தண்ணீரும் வேண்டும். நார்ட் ஸ்ட்ரீமில் ஏற்றப்பட்டதோ ஈரம் நீக்கிய எரிவாயு. அடைப்பு பாய வேண்டுமென்றால் அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் சட்டென்று இறங்கவும் வேண்டும். வாயு ஓட்டமே இல்லாமல் நின்றிருந்த குழாய்களில் அது எப்படி நடக்கும்? அப்படியே ஒன்று உடைந்தாலும், 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலில் டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவருகே 17 மணி நேர இடைவெளியில் 3 குழாய்கள் 4 இடங்களில் கிழிந்ததை அது விளக்காது. அவை கான்கிரீட் உறை போர்த்திய தடித்த எஃகுக் குழாய்கள். நில அதிர்வுக் கருவிகள் பதிவு செய்ததும் வெடிப்பு அதிர்வுகளையே. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வெடிமருந்துத் தடயம் கிடைத்ததாகச் சுவீடன் அரசு வழக்கறிஞர் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தார்.

சுவீடனும் டென்மார்க்கும் 2024 பிப்ரவரியில் விசாரணையை முடித்ததையும், நாசவேலை இல்லை என்பதற்குச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சுவீடன் சொன்னது, வழக்கு தன் அதிகார வரம்பில் வராது என்பதுதான். டென்மார்க்கோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றே உறுதிசெய்தது.

ஜெர்மனி விசாரணையைத் தொடர்ந்தது. பாய்மரப் படகில் சென்று முக்குளிப்பவர்கள் வெடி வைத்தார்கள் என்பது அதன் அரசு வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. இந்த வழக்கில் உக்ரைன் நாட்டவர் ஒருவர் 2025 ஆகஸ்டில் இத்தாலியில் கைதானார். உக்ரைன் அரசு தன் பங்கை மறுத்திருக்கிறது.