எல்லாரும் இப்படித்தான் வரைவாங்க, டீச்சர்

சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டிப் பள்ளியில் ஓவியப் போட்டி. வந்த படங்களில் முக்கால்வாசியில் பூமி அழுதுகொண்டிருந்தது. ஒரு பாதி பச்சை, மறு பாதி தீ, வாயில் தெர்மாமீட்டர், கன்னத்தில் கண்ணீர். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தத் தீயைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு, ஓரத்தில் பென்சில் கரியை விரலால் தேய்த்துப் புகை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தீ எங்கேர்ந்து வந்துச்சும்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியல டீச்சர். எல்லாரும் இப்படித்தான் வரைவாங்க" என்றாள்.

பரிசு அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. கொடுத்த நடுவர்களில் நானும் ஒருத்தி.

அன்றிலிருந்து இது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. காலநிலை மாற்றம் என்று பேச ஆரம்பித்தாலே பிள்ளைகளுக்கு நாம் முதலில் கொடுப்பது பயம். அடுத்தது உபதேசம்: விளக்கை அணை, மரம் நடு, தண்ணீரை வீணாக்காதே. நடுவில் இருக்க வேண்டியது, இது எப்படி நடக்கிறது என்கிற விஷயம், அப்படியே விட்டுப்போகிறது. காரணம் புரியாத பயமும் காரணம் புரியாத கடமையும் பரீட்சை முடிகிற வரைக்கும்தான் மனசில் நிற்கும். பிறகு பயம் மட்டும் மிச்சமாகும்.

"பூமி ஏன் சூடாகுது?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் முதலில் எழும் கை சொல்வது, "ஓசோன்ல ஓட்டை விழுந்திருச்சு, அது வழியா வெயில் உள்ள வருது." பெரியவர்கள் பலரும் இதையேதான் சொல்வார்கள். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. பிளாஸ்டிக், ஓசோன், புகை, காடழிப்பு, வெப்பமயமாதல் எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் மூட்டை கட்டிக் கொடுத்தால், அவர்கள் எதையாவது எதோடாவது முடிச்சுப் போடத்தான் செய்வார்கள்.

எனக்கு இதில் கூடுதல் வருத்தம் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் அண்டார்டிகாவுக்கு மேலே மோசமாக மெலிந்திருப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்டார்கள். குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன்கள் அதற்குக் காரணம். இரண்டே ஆண்டில், 1987இல், கனடாவின் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அந்த வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. படலம் இப்போது மெல்ல மெல்லத் தேறிவருகிறது. மனிதர்கள் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, ஒத்துக்கொண்டு, கூடி உட்கார்ந்து சரிசெய்த கதை அது. பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை. நாமோ அதை வேறொரு நோய்க்குக் காரணமாகச் சொல்லிக்கொடுத்து வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

சொற்களும் குழப்புகின்றன. "பசுமை இல்ல வாயு" என்று கேட்கும் பிள்ளைக்குப் பசுமை என்றாலும் நல்லது, இல்லம் என்றாலும் நல்லது. இரண்டும் சேர்ந்தால் எப்படி ஆபத்தாகும்? "பருவநிலை மாற்றம்" என்றால் மழைக்காலம் போய் வெயில்காலம் வருவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியாயம்தானே, பருவம் என்றால் மாறத்தான் செய்யும். கலைச்சொற்களை நான் குறை சொல்லவில்லை. அவை வேண்டும், அவற்றை உருவாக்க உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வகுப்பில் அவை கடைசியாக வரட்டும். நான் போர்வையில் தொடங்குகிறேன்.

போர்வை தானாகச் சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. சூரிய ஒளி பட்டுத் தரை சூடாகிறது. சூடான தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. காற்றில் பெரும்பகுதியாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைக் கண்டுகொள்வதில்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற பசுமை இல்ல வாயுக்கள்தான் அதைப் பிடித்து ஒரு பகுதியைக் கீழேயே திருப்பிவிடுகின்றன. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி வாக்கில் இருக்கும். அது இருப்பதால்தான் 15 டிகிரி.

இதைச் சொன்னதும் முகங்கள் மாறும். "அப்போ அது நல்லதா டீச்சர்?" நல்லதுதான். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து எரித்து அதைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறோமே, அதுதான் பிரச்சினை. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் 10,000 மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடு 3கூட இல்லை. இப்போது 4ஐத் தாண்டிவிட்டது. "ஒண்ணுதானே கூடியிருக்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் எத்தனை ஆயிரம் இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. கணக்கில் வருவது அந்தச் சிலதுதான், அதில் முக்கியமான ஒன்று ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

சொல்லிக்கொடுக்கிறவர்களும் தப்பு செய்வோம். நான் பல வருஷம் செய்தேன். இரண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் சாதாரணக் காற்று, மற்றதில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. இரண்டிலும் தெர்மாமீட்டர், மேலே விளக்கு. கார்பன் டை ஆக்சைடு ஜாடி கூடுதலாகச் சூடாகும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், "பார்த்தீங்களா, இதுதான் புவி வெப்பமயமாதல்" என்பேன். பிறகு ஒருநாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தச் சூட்டுக்கு முக்கியக் காரணம் வேறு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். ஜாடிக்குள் அடியில் படிந்து, சூடான வாயு மேலே எழுந்து கலைந்துபோவதைத் தடுக்கிறது. அகச்சிவப்பைப் பிடிக்கவே பிடிக்காத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும், அதுவும் கனம் என்பதால், ஜாடி ஏறக்குறைய அதே மாதிரி சூடாகும். விடை சரி, வழி தப்பு.

அடுத்த வாரம் வகுப்பில் நின்று அதைச் சொன்னேன். கை வியர்த்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்போ விஞ்ஞானிங்க மட்டும் எப்படி டீச்சர் கண்டுபிடிச்சாங்க?"

அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் எழுந்த கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி இல்லை. ஜாடி சரியாகக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வி வந்தே இருக்காது. அன்று பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னேன். 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளைதான் அதிகம் சூடானது, ஆறவும் நேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் கூடுதலாக இருந்தால் பூமி இன்னும் சூடாக இருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். நம் ஜாடியைப் போலவே அவர் சோதனையிலும் ஒளியின் வேலை எது, அகச்சிவப்பின் வேலை எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 1859இல் இயற்பியலாளர் ஜான் டின்டல் அதற்கென்றே ஒரு கருவி அமைத்து, எந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். 1896இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வான்டே அரீனியஸ் கையால் கணக்குப் போட்டு, கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்றார். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை அதே கேள்விக்குச் சொல்லும் விடை, அநேகமாக 2.5 முதல் 4 டிகிரி. பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அழும் பூமியைக் காட்டி ஒருநாளும் எனக்கு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

எண்களைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். பூமியின் சூடு இதற்கு மேல் கூடக் கூடாது என்று உலக நாடுகள் பேசும் "1.5 டிகிரி"யை மொட்டையாகச் சொன்னால், "காலையிலயும் மத்தியானமும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கே, இதுக்கா பயப்படணும்?" என்பார்கள். அது ஒரு நாளின் கணக்கு, இது பூமி முழுமைக்கும் பல ஆண்டுகளுக்குமான சராசரி. எவ்வளவு பெரியது என்று காட்ட நான் பனியுகத்துக்குப் போவேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால், உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 6 டிகிரி வாக்கில்தான் குறைவு. அந்த 6 டிகிரிக்கே வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில் கிடந்தது, கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது. அதற்குப் பிறகு 1.5 டிகிரியை யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

செய்தி எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐபிசிசி அறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு சொல் வந்தால் குறைந்தது 66 சதவீத உறுதி, அடுத்ததற்கு 90, அதற்கும் மேல் 99 என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு வரும்போது எல்லாமே "வாய்ப்புள்ளதாக விஞ்ஞானிகள் தெரிவித்தனர்" என்று ஆகிவிடுகிறது. 99 சதவீத உறுதியும் மதியம் தூறல் போடலாம் என்பதும் ஒன்றாகத் தெரிந்தால் படிப்பவர் என்ன செய்வார்? ஒரு வரி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, அந்த எண்ணைச் சேர்த்து எழுதுங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயமுறுத்தினால்தான் ஜனங்கள் திருந்துவார்கள் என்று நல்ல மனசோடுதான் பலர் வாதிடுகிறார்கள். 2021இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டபோது, 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கவலை தங்கள் அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றார்கள். பயம் போதுமான அளவுக்கு இருக்கிறது. போதாமல் இருப்பது, யார் என்ன செய்தால் மாறும் என்கிற தெளிவு.

"நான் மரம் நட்டா சரியாயிடுமா டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையிடம் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தொட்டி ஒன்று வரைவேன். மேலே குழாய், கீழே வடிகால். மனிதர்கள் ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடுகிறோம். கடலும் காடும் மண்ணும் அதில் பாதிக்குச் சற்று மேல் வாங்கிக்கொள்கின்றன, மீதி காற்றிலேயே தேங்குகிறது. குழாயை இப்போதிருக்கும் அளவிலேயே வைத்தாலும் தொட்டி நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். எளிதாகத் தோன்றும், ஆனால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களிடமே இதைச் சோதித்தபோது பெரும்பாலானவர்கள் தவறாகவே சொன்னார்கள். மரம் வடிகாலைக் கொஞ்சம் அகலப்படுத்தும், அதனால் நடத்தான் வேண்டும். குழாயோ மின் நிலையத்திலும், வாகனத்திலும், சிமென்ட், எஃகு ஆலைகளிலும் இருக்கிறது. அது பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாது. பெரியவர்களான எங்கள் கைக்குத்தான் எட்டும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குழாயைத் திருப்ப வழி இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். சூரிய மின்சாரத்தின் செலவு 2010க்கும் 2019க்கும் இடையில் 85 சதவீதம் குறைந்தது. பூமியைக் காப்பாற்றும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் தூக்கி வைத்துவிட்டு நாம் கைதட்டிக்கொண்டு நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் அறிவியல் அறைச் சுவரில் வரைபடத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறோம். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அந்த அளவீடு இன்றும் தொடர்கிறது. காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடு எத்தனை என்று ஒவ்வொரு மாதமும் அங்கிருந்து வரும் எண்ணுக்குப் பிள்ளைகள் ஒரு புள்ளி வைத்துக் கோட்டால் இணைப்பார்கள். ஜூனில் வரும் புது வகுப்புக்கு முதல் சில மாதம் ஒரே கொண்டாட்டம். கோடு இறங்கும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் 5, 6 எண் குறையும். "குறைஞ்சிருச்சு டீச்சர்!" நான் எதுவும் சொல்வதில்லை. அக்டோபரில் கோடு திரும்பும். ஏன் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்: வடகோளத்தின் காடுகளும் பயிர்களும் கோடையில் தழைக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்கின்றன, இலை உதிர்ந்து மக்கும்போது திருப்பித் தருகின்றன. அடுத்த மே மாதம் கோடு போன மே மாதத்துப் புள்ளியைத் தாண்டி மேலே போய் நிற்கும்.

தாளை ஒட்டியபோது மேல் விளிம்பை 420 என்று வைத்திருந்தேன். போதும் என்று நினைத்தேன். 2022இல் புள்ளி வைக்கத் தாளில் இடமில்லை. உயரமான பெண் ஒருத்தி நாற்காலியில் ஏறி நின்றாள், கீழே இரண்டு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இன்னொரு தாளை ஒட்டினோம். பசை காய்வதற்குள் கீழே நின்ற சின்னவன் கேட்டான், "இந்தத் தாள் எத்தனை வருஷத்துக்கு வரும் டீச்சர்?"

கணக்குப் போட்டுப் பார் என்று பென்சிலை அவனிடம் கொடுத்தேன்.