கதையில் ஊர் எங்கே என்று கேட்பவர்களுக்கு

மலேசியத் தமிழ்ச் சிறுகதை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு குறை தவறாமல் வந்துவிடும்: "இடமே கண்ணில் தெரியலையே! பிரிக்பீல்ட்ஸ்னு ஒரு பேரு, அதோட சரி." எனக்கு அது குறையாகவே படவில்லை.

ஞாயிறு மலரில் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டிய நெருக்கடி தெரிந்ததுதான், அதை விடுங்கள். கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவன் கண்ணுக்கு பிரிக்பீல்ட்ஸ் தெரியாது. துன் சம்பந்தன் சாலையின் தோரண வளைவை அண்ணாந்து பார்ப்பது சுற்றுலா வந்தவர். குடியிருப்பவனுக்குக் காடி (கார்) நிறுத்த இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை. அவன் கண் வழியாகப் போகும் கதையில் தோரண வளைவுக்கு என்ன வேலை?

1886 மே மாதம் ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர் செக்காவ் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அணைக்கட்டில் உடைந்த பாட்டில் துண்டு மின்னியது, நாயோ ஓநாயோ அதன் கரிய நிழல் உருண்டோடியது என்று எழுது, நிலா இரவு தானாக வந்துவிடும் என்கிறார்.

ஆனால் அந்த ஒரு துண்டு மின்ன, மீதி வாசகரிடம் இருக்க வேண்டும். நம் ரப்பர் தோட்டக் கதையில் 'விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது' என்று ஒரு வரி வரும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பட்டை நனைந்தால் ரப்பர் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழியும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுந்த பாலும் மழைத் தண்ணீரோடு போய்விடும். அன்றைக்கு வெட்டு இல்லை, கூலி இல்லை. கடையில் பற்று ஏறும். இத்தனையும் அந்த வரிக்குள்ளேயே இருந்தது.

சிக்கல் இப்போதுதான். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை அதே வரியைப் படித்தால் இதமான காலை என்று நினைத்துக்கொள்ளும். சென்னை வாசகரும் அப்படித்தான். உடனே நம்மவர்கள் விளக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தே தாரிக் என்றால் என்ன, அதை எப்படி ஆற்றுவார்கள் என்று ஒரு பத்தி. பாவம், கதையில் வருகிறவன் அதைக் குடித்து முடிப்பதற்குள் நமக்கே ஆறிவிடுகிறது! இதற்குப் பதில், மனைவி வானத்தைப் பார்த்துவிட்டுப் பால் வாளியைக் கவிழ்த்து வைக்கட்டும். கடைக்காரர் அரிசியை அளக்கும் முன் பற்று நோட்டைப் புரட்டட்டும். தோட்டத்தையே பார்க்காதவருக்கும் வயிறு பிசையும்.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் சோம்பேறித்தனத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பினாங்கு என்ற இடத்தில் மதுரை என்று மாற்றிப் போட்டாலும் ஒரு சொல்கூட இடறாத கதைகளை நிறையப் படித்தாயிற்று. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஃபெரியைத் தவறவிட்டவன் அடுத்ததற்குக் காத்திருக்கிறானா, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறானா? அதை எழுதினால் தீவு, கடல், அவன் அவசரம், சட்டைப்பையில் இருக்கும் காசு எல்லாமே வந்துவிடும். பினாங்கின் கொம்தார் கோபுரத்துக்கு எத்தனை மாடி என்பதைத் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.