ஜூலியன் ஃபெலோஸ் பற்றிச் சுற்றும் தகவல் தவறு

‘டவுன்டன் அபி’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ் பரம்பரைப் பிரபு, நடிப்புப் பக்கமே போகாதவர், அகதா கிறிஸ்டி நாவலைத் தழுவி ஆஸ்கர் வாங்கினார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

அவருக்குக் கிடைத்தது, தழுவல் அல்லாத திரைக்கதைக்கான விருது. 2002-ல், ‘காஸ்ஃபோர்ட் பார்க்’ படத்துக்காக. ஒரு மாளிகை, விருந்தாளிகள், நடுவில் கொலை என்பதால் கிறிஸ்டி ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் படத்தின் இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனும் தயாரிப்பாளர்களில் ஒருவரான பாப் பலபனும் சொன்ன யோசனையிலிருந்து எழுதியது என்றுதான் படத்தின் டைட்டிலே சொல்கிறது. ஆஸ்கர் அகாடமியின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

அதற்கு முன்பே பல ஆண்டுகள் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர் அவர். 1997-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பாதுகாப்பு அமைச்சர் அவர்தான். ‘மோனார்க் ஆஃப் தி க்ளென்’ தொடரில் கில்வில்லி பிரபுவாகவும் வந்தார். நிஜத்தில் பிரபு ஆனது அப்புறம்தான், 2011-ல். அதுவும் ஆயுட்காலப் பட்டம், பிள்ளைகளுக்குப் போகாது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.