தேசியப் பூங்கா என்றால் அரசு நிலம் அல்ல

"லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காதானே, எல்லாம் அரசு நிலம். எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், எந்த ஏரியிலும் குளிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

லேக் டிஸ்ட்ரிக்ட் வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதி. அது உட்பட இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான நிலம் தனியாருக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமானது. கிராமப்புற அணுகல் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது மலை, புதர்க்காடு, பொதுமேய்ச்சல் நிலம் போன்றவற்றில் நடக்கும் உரிமையைத்தான். கூடாரமடிப்பதும் ஏரியில் குளிப்பதும் அதில் அடங்காது. குழப்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருக்கலாம். அங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு கூடாரமடிக்க அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் விதிவிலக்கு, தென்மேற்கில் உள்ள டார்ட்மூர் தேசியப் பூங்கா. அங்குள்ள பொதுநிலங்களில் கூடாரமடிக்கும் உரிமை உண்டு என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது.

லேக் டிஸ்ட்ரிக்டில் குளிக்கலாமா என்பதும் ஏரிக்கு ஏரி மாறும். வின்டர்மியர் ஏரியில் நிறையப் பேர் நீந்துகிறார்கள், ஆனால் படகுப் போக்குவரத்து அதிகம். வெயில் காலத்தில் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி தெரிந்தால், குழந்தைகளையோ நாயையோ தண்ணீரில் விடவே விடாதீர்கள், நாய்கள் இறந்தே போகலாம். தெர்ல்மியரும் ஹாவ்ஸ்வாட்டரும் குடிநீர்த் தேக்கங்கள். அங்கே நீந்தத் தடை.

நாயோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: மேலே சொன்ன நடக்கும் உரிமை உள்ள நிலங்களில் (திறந்தவெளி அணுகல் நிலங்கள்) நாயை மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலம் அது.